விடைத்தாளும் விசுவாசமும்

கல்லூரி முதலாண்டு உயிரியல் வகுப்பில் தரப்படும் மதிப்பெண், மாணவர் அறிந்ததை மட்டும் அளக்கிறதா, நம்புவதையும் சேர்த்து அளக்கிறதா? கணக்கிலும் வேதியியலிலும் இப்படியொரு கேள்வி எழுவதில்லை. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை மனதார ஏற்கிறாயா என்று எந்த ஆசிரியரும் கேட்பதில்லை. கணக்கைப் போட்டுக் காட்டினால் போதும். உயிரியலில் அப்படி விட்டுவிட முடியாமல் போனதற்குக் காரணம், மனிதன் எங்கிருந்து வந்தான் என்பதும் அதன் பாடத்திட்டத்தில் இருப்பதுதான். அமெரிக்காவில் இந்தக் கேள்வி அரசு விசாரணை வரைக்கும் போயிருக்கிறது, நீதிமன்றப் படியும் ஏறியிருக்கிறது.

அங்கே முதலாண்டு உயிரியல் என்பது, குறிப்பாகப் பெரிய பல்கலைக்கழகங்களில், நூற்றுக்கணக்கானோர் ஓர் அரங்கில் உட்கார்ந்து கேட்கும் வகுப்பு. குறுந்தேர்வு, இடைத்தேர்வு, ஆய்வகப் பதிவேடு, இறுதித் தேர்வு என்று துண்டு துண்டாகச் சேரும் மதிப்பெண் கடைசியில் ஏ, பி, சி என்று ஓர் எழுத்தாகிறது. மருத்துவக் கல்லூரிக்குப் போக நினைக்கிறவர்கள் இந்த வகுப்பைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதால் அந்த ஓர் எழுத்துக்கு அவ்வளவு கனம். பரிணாமம் ஒரு தனி அத்தியாயமாக ஓரத்தில் இருந்தால், மனம் ஒப்பாத மாணவர் அதைத் தள்ளிவிட்டு மற்றதைப் படித்துத் தேறிவிடலாம். ஆனால் அது வகைப்பாட்டிலும் மரபியலிலும் நுண்ணுயிரியலிலும் ஊடுருவி நிற்கிறது. பரிணாமத்தை விலக்கிவிட்டு உயிரியலை விளங்கிக்கொள்ள வழியில்லை என்று 1973இல் ஆசிரியர்களுக்கான ஓர் இதழில் வாதிட்டு எழுதியவர் மரபியலாளர் தியோடோசியஸ் டொப்ஜான்ஸ்கி. அவர் கிழக்கு மரபுவழித் திருச்சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். மதமும் பரிணாமமும் எங்கே சந்தித்தாலும் சண்டைதான் என்ற எண்ணம் சரியல்ல. சண்டை மூள்கிற இடங்கள் சில உண்டு. அவற்றில் ஒன்று விடைத்தாள்.

2003இல் டெக்சஸ் மாநிலத்தின் லப்பக் நகரில் நடந்த ஒரு விவகாரம் இதைத் தெளிவாக முன்வைத்தது. டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தில் உயிரியல் கற்பித்துவந்த மைக்கேல் டினி, மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வரும் மாணவர்களுக்கு மூன்று நிபந்தனைகள் வைத்திருந்தார். வகுப்பில் ஏ வாங்கியிருக்க வேண்டும். தமக்கு அந்த மாணவரை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். மனித இனம் எப்படித் தோன்றியது என்று நினைக்கிறாய் எனத் தாம் கேட்கும்போது அறிவியல் தரும் விடையை உண்மையாக ஏற்று உறுதி சொல்ல வேண்டும். மூன்றாவது நிபந்தனை மத அடிப்படையில் பாகுபாடு காட்டுகிறது என்று ஒரு கிறிஸ்தவச் சட்ட அமைப்பு புகார் கொடுத்தது. அமெரிக்க நீதித்துறை விசாரணையைத் தொடங்கியது. சில மாதங்களில் டினி நிபந்தனையின் சொற்களை மாற்றினார்: மனித இனத்தின் தோற்றத்துக்கு அறிவியல் தரும் விளக்கத்தை மாணவர் எடுத்துச் சொன்னால் போதும். விசாரணை முடித்துவைக்கப்பட்டது.

இந்த விவகாரத்தில் மதிப்பெண் எங்கும் குறைக்கப்படவில்லை என்பது பலருடைய கண்ணில் படாமல் போயிற்று. பரிணாமத்தை நம்பாத மாணவரும் டினியின் வகுப்பில் ஏ வாங்க முடிந்தது. தடை வந்தது பரிந்துரைக் கடிதத்தில். மதிப்பெண் ஒரு விடைத்தாளைப் பற்றியது, கடிதமோ ஓர் ஆளைப் பற்றியது. தன் துறையின் அடிப்படையையே மறுக்கிறவர் நல்ல மருத்துவராக வருவார் என்று கையெழுத்துப் போட ஓர் ஆசிரியர் தயங்கினால், அந்தத் தயக்கத்தை அநியாயம் என்று சட்டென ஒதுக்கிவிட முடியாது. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளுக்குக் கிருமிகள் எதிர்ப்புத்திறன் பெறுவது பரிணாமம் கண்ணெதிரே நடப்பதுதான். இருந்தாலும், மாற்றி எழுதிய நிபந்தனைதான் மேலானது. முதல் வடிவம் மாணவரின் மனத்துக்குள் எட்டிப் பார்க்க முயன்றது. இரண்டாவது வடிவம், ஆசிரியருக்குத் தெரிந்துகொள்ள வழியுள்ள ஒன்றை மட்டும் கேட்டது.

ஒன்றை அறிந்து, அதைப் பிசகாமல் எடுத்துச் சொல்லி, அதே சமயம் ஏற்காமல் இருக்க முடியுமா? தமிழ்ச் சைவ சித்தாந்தத்தில் இதற்கு ஒரு முறையே இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், பரபக்கம், சுபக்கம் என்று இரண்டு பகுதிகளைக் கொண்டது. சுபக்கம் தம் கொள்கை. அதற்கு முந்திய பரபக்கத்தில் உலகாயதர் தொடங்கிப் பாஞ்சராத்திரிகள் வரை 14 தரப்புகள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொரு தரப்பும் முதலில் அதன் வாயாலேயே பேசுவதுபோல நிறுத்தப்படுகிறது; மறுப்பு அதற்குப் பிறகுதான். இந்த முறைக்கு ஓர் உள்விதி உண்டு. பிறர் மதத்தை எடுத்துரைக்கும்போது, அந்த மதத்தார் கேட்டால் ‘ஆம், எங்கள் வாதம் இதுவே’ என்று ஒப்ப வேண்டும். இல்லையென்றால் மறுப்பு விழுவது வைக்கோல் பொம்மையின் மேல்தான். அருணந்தியார் உலகாயதத்தை நம்பவில்லை. அவருக்கு அது தெரியாது என்று சொல்லத் துணிகிறவர் யார்? மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகள் பலரையும் அணுகி அவரவர் கொள்கையைக் கேட்டறிவதாகக் காப்பியம் சொல்வதும் இதே பண்பாட்டிலிருந்து வருவதுதான்.

பரிணாமத்தை ஏற்காத மாணவர் எழுதும் விடையும் பரபக்கம்தான். அதை மதிப்பிடும் அளவுகோலும் அதுவே: ஓர் உயிரியலாளர் படித்தால் ‘ஆம், எங்கள் வாதம் இதுவே’ என்பாரா?

மேற்கத்திய மெய்யியலிலிருந்து இதற்கு ஒரு மறுப்பு வரும். அறிவு என்பதில் நம்பிக்கையும் ஒரு கூறு என்பது அங்கே நெடுங்காலக் கருத்து. பிளேட்டோவின் தியேட்டீடஸ் உரையாடல், உண்மையான நம்பிக்கையோடு அதற்கான காரணமும் சேர்ந்தால் அறிவாகுமா என்று ஆராய்ந்து, முடிவு சொல்லாமலே நின்றுவிடுகிறது. காரணத்தோடு கூடிய உண்மை நம்பிக்கைகூட அறிவாகாமல் போகலாம் என்று 1963இல் எட்மண்ட் கெட்டியர் மூன்றே பக்கக் கட்டுரையில் காட்டினார். ஆனால் நம்பிக்கையே இல்லாமல் அறிவு உண்டு என்று அவரும் சொல்லவில்லை. அப்படியானால், மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் பொது மூதாதை உண்டென்று நம்பாத மாணவருக்கு அது ‘தெரியும்’ என்று சொல்லலாமா? கண்டிப்பாகப் பார்த்தால் கூடாது. அவருக்குத் தெரிந்தது வேறு: உயிரியல் அப்படிச் சொல்கிறது, இன்னின்ன காரணத்தால் சொல்கிறது. இந்த வேறுபாடு மெய்யியல் வகுப்பில் பெரிது. விடைத்தாளில் அதற்கு இடமே இல்லை, ஏனென்றால் நம்புகிற மாணவரின் தாளிலும் இருப்பது உயிரியல் என்ன சொல்கிறது, ஏன் சொல்கிறது என்பது மட்டும்தான். நம்பிக்கை மையில் தெரிவதில்லை.

கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது என்பதைப் பொறுத்து விடை எவ்வளவு மாறும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை பொதுமக்களின் அறிவியல் அறிவைச் சோதிக்கப் பல்லாண்டுகளாக ஒரு வாக்கியத்தைப் பயன்படுத்திவந்தது: இன்றைய மனிதர்கள் முந்தைய விலங்கினங்களிலிருந்து வளர்ந்து வந்தவர்கள், சரியா தவறா? 2012இல் பாதிப் பேருக்கு இந்த வாக்கியமே தரப்பட்டது. மறுபாதிக்கு ‘பரிணாமக் கோட்பாட்டின்படி’ என்ற தொடர் முன்னால் சேர்க்கப்பட்டது. முதல் குழுவில் ‘சரி’ என்றவர்கள் 48 விழுக்காடு, இரண்டாவதில் 72. ஒரே நாட்டு மக்கள், ஒரே செய்தி. ஒரு தொடரைச் சேர்த்ததும் 24 விழுக்காட்டுப் புள்ளி ஏறுகிறது. முதல் வாக்கியம் அறிவைச் சோதிப்பதாக எண்ணிக்கொண்டு சமயத்தையும் சேர்த்தே சோதித்திருக்கிறது.

வகுப்புத் தேர்வில் இது எப்படி வரும் என்பதற்குக் குரோமோசோம் கேள்வி ஒன்றைப் பார்க்கலாம். மனிதருக்கு 23 இணைக் குரோமோசோம்கள். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் ஆகியவற்றுக்கு 24. பொது மூதாதையிடமிருந்து வந்தவை என்றால் ஓர் இணை எங்கே போயிற்று? விடை மனிதனின் இரண்டாம் குரோமோசோமில் இருக்கிறது. குரோமோசோமின் நுனிகளில் மட்டும் இருக்க வேண்டிய டெலோமியர் வரிசை அதன் நடுவிலும், நுனியோடு நுனி முட்டியதுபோல எதிரெதிராகக் கிடக்கிறது; 1991இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. போதாததற்கு, ஒன்றே இருக்க வேண்டிய சென்ட்ரோமியருக்கு இரண்டாவதாக ஒன்றின் எச்சமும் உண்டு. இரண்டு குரோமோசோம்கள் ஒட்டி ஒன்றாகியிருக்கின்றன.

இதை மூன்று விதமாகக் கேட்கலாம். ‘மனிதனும் சிம்பன்சியும் ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள் என்பதை ஏற்கிறாயா?’ என்பது ஒன்று. இதற்கு மதிப்பெண் போடுவது அத்துமீறல். தவிர, ‘ஆம்’ என்று எழுதுகிறவருக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதால் தேர்வாகவும் உதவாது. ‘இரண்டாம் குரோமோசோமின் அமைப்பைப் பரிணாம உயிரியல் எப்படி விளக்குகிறது?’ என்பது இரண்டாவது. நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரே விடை எழுதலாம். மூன்றாவது கொஞ்சம் கடினம்: ‘இந்தச் சான்று பொது மூதாதைக் கருத்தை வலுப்படுத்துகிறதா? காரணம் காட்டு.’ முதலாண்டு வகுப்பு உண்மையில் கற்றுத்தர விரும்புவது இதைத்தான். சிக்கல் கிளம்புவதும் இங்கேதான், ஏனெனில் ‘கோட்பாட்டின்படி’ என்ற வேலிக்குப் பின்னால் இதில் ஒதுங்க முடியாது. சான்றை மாணவரே எடைபோட வேண்டும்.

இந்த மூன்றாவது கேள்விக்கு இரண்டு விதமான எதிர்மறை விடைகள் வரும். ‘சான்று வலுவானது, ஆனாலும் வேதம் வேறு சொல்கிறது, நான் வேதத்தின் பக்கம்’ என்று ஒருவர் எழுதுகிறார். ‘அப்படி ஒரு சான்றே இல்லை’ என்று இன்னொருவர் எழுதுகிறார். பார்வைக்கு இருவரும் ஒரே அணி. மதிப்பெண்ணில் இருவரையும் ஒன்றாக நடத்தக் கூடாது. முதலாமவர் சான்றைச் சரியாக எடைபோட்டு, அதற்கு மேலான அதிகாரம் தமக்கு வேறிடத்தில் உண்டு என்று சொல்கிறார். உயிரியல் ஆசிரியர் அவரிடம் கேட்க வேண்டியது வேறெதுவும் இல்லை. முழு மதிப்பெண். இரண்டாமவர் இருப்பதை இல்லை என்கிறார். இழப்பு அவர் மதத்துக்கு விதிக்கப்படுவதல்ல, டெலோமியரை மறைத்ததற்கு விதிக்கப்படுவது. எதையும் விளக்காமல் ‘கடவுள் படைத்தார்’ என்று மட்டும் எழுதிய தாளுக்குப் பூஜ்யம் விழுவதும் இப்படித்தான். கேட்டதற்கு விடை வரவில்லை. முழு விடையையும் எழுதிவிட்டுக் கடைசி வரியில் ‘இதை நான் நம்பவில்லை’ என்று சேர்க்கிறவருக்கு அந்த வரியால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

முதலாமவரைப் போன்றவர்கள் கற்பனை மனிதர்கள் அல்ல. கர்ட் வைஸ் ஹார்வர்டில் ஸ்டீபன் ஜே கூல்டின் வழிகாட்டுதலில் 1989இல் நிலவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பூமி சில ஆயிரம் ஆண்டு வயதுடையது என்று நம்புகிறவர். உலகிலுள்ள சான்றெல்லாம் தம் நம்பிக்கைக்கு எதிராகத் திரும்பினாலும் அதை ஒப்புக்கொண்டு, வேதம் சொல்வதால் தம் நம்பிக்கையிலேயே நிற்பேன் என்று எழுதியவர். மார்கஸ் ராஸ், பல கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்த மொசாசார் என்ற கடல் ஊர்வனவற்றை ஆராய்ந்து 2006இல் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். அவருடைய நம்பிக்கையிலும் பூமிக்கு வயது பத்தாயிரம் ஆண்டுக்குள்தான். அந்த ஆய்வேட்டில் குறை சொல்ல எதுவும் இல்லை என்று அவருடைய வழிகாட்டி பட்டத்தை ஆதரித்துப் பேசினார். இவர்களுக்குப் பட்டம் கொடுத்தது தவறு என்று கொதித்தவர்கள் உண்டு. ஆய்வேட்டில் குறை காட்ட முடியாதபோது ஆய்வாளரின் ஜெபத்தில் குறை தேடுவது பல்கலைக்கழகத்தின் வேலை அல்ல.

இதே கோடு மறுபுறமும் செல்லும். சில கிறிஸ்தவப் பள்ளிகளின் உயிரியல் பாடத்தைத் தன் சேர்க்கைத் தகுதிக்குக் கணக்கில் கொள்ள முடியாது என்று கலிபோர்னியா பல்கலைக்கழகம் மறுத்தபோது, 2005இல் கிறிஸ்தவப் பள்ளிகளின் சங்கம் வழக்குத் தொடுத்தது. அந்தப் பள்ளிகள் பயன்படுத்திய பாடநூல்களில் ஒன்று, அறிவியல் முடிவு வேதத்தோடு முரண்பட்டால் எத்தனை சான்று இருந்தாலும் முடிவுதான் தவறு என்று முன்னுரையிலேயே அறிவித்திருந்தது. நூலில் மதம் இருப்பதற்காக மறுக்கவில்லை, தேவையான அறிவு போதிக்கப்படாததற்காக மறுத்தோம் என்பது பல்கலைக்கழகத்தின் வாதம். 2008இல் மாவட்ட நீதிமன்றமும் 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றன. 2020இல் சட்டமான ஓஹியோ மாநில மசோதா ஒன்றும் இதையே பள்ளி அளவில் சொல்லப் பார்த்தது: வீட்டுப்பாடத்தில் மதக் கருத்து இருப்பதற்காக மதிப்பெண் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது; வழக்கமான கல்வி அளவுகோலே போதும். தவறான விடைக்கு இது அடைக்கலம் தரும் என்று எதிர்த்தவர்கள் அஞ்சினார்கள். அச்சத்துக்கு அரசியல் காரணம் இருந்திருக்கலாம். சட்டத்தின் சொற்களில் அப்படி ஓர் அடைக்கலம் இல்லை.

நம்பாதவரைப் பற்றியே பேசுவதில் ஓர் ஓரவஞ்சனை இருக்கிறது. நம்புகிறவர் மட்டும் என்ன எழுதுகிறார்? உயிரியலை முதன்மைப் பாடமாக எடுக்காத கல்லூரி மாணவர்களின் அறிமுக வகுப்பில் பெத் பிஷப்பும் சார்லஸ் ஆண்டர்சனும் நடத்திய ஆய்வு 1990இல் வெளியானது. சிவிங்கிப்புலிக்கு இவ்வளவு வேகமாக ஓடும் திறன் எப்படி வந்தது, குகையில் வாழும் சாலமாண்டருக்குப் பார்வை ஏன் இல்லை என்பவை அதில் கேட்கப்பட்டவை. இருட்டில் கண் தேவைப்படவில்லை, அதனால் பார்வை போயிற்று என்று பலர் எழுதினார்கள். தேவை உறுப்பை உண்டாக்கும், பயன்படாதது தேயும் என்ற இந்த எண்ணம் இயற்கைத் தேர்வு அன்று. இயற்கைத் தேர்வின் முக்கியப் புள்ளியான, பிறப்பிலேயே வரும் வேறுபாடும் அதில் சில மட்டும் சந்ததி பெருக்குவதும் அதில் இல்லவே இல்லை. பரிணாமத்தை உண்மை என்று நம்புவதற்கும் இதைச் சரியாக விளக்குவதற்கும் தொடர்பு காணப்படவில்லை. நம்பிக்கைக்கு மதிப்பெண் போட்டிருந்தால், சாலமாண்டர் கேள்வியில் தவறு செய்த பலர் நல்ல எழுத்து வாங்கிப் போயிருப்பார்கள்.

மனசாட்சியின் பக்கமிருந்து வரும் எதிர்ப்பு இதைவிட நுட்பமானது. நம்பாததை எழுதி மதிப்பெண் வாங்குவது பொய் சாட்சியாகாதா என்று சில மாணவர்கள் உள்ளபடியே கலங்குகிறார்கள். புனித அகஸ்டின் பொய்யைப் பற்றி எழுதியதில் ஏமாற்றும் நோக்கத்துக்கு முக்கிய இடம் உண்டு. தேர்வுத் தாளில் அந்த நோக்கம் இருக்க முடியாது; அங்கே எழுதப்படுவது பாடத்தின் கூற்று என்பது எழுதுகிறவருக்கும் திருத்துகிறவருக்கும் தெரியும். ஆகவே தேர்வில் குற்றமில்லை. ஆனால் சில வகுப்புகளில் ‘உன் சொந்தக் கருத்தை எழுது’ என்று சிந்தனைக் குறிப்பேடு கேட்டு அதற்கும் மதிப்பெண் வைக்கிறார்கள். அங்கே எழுதப்படுவது மாணவரின் சொந்தக் கூற்று. ஆசிரியர் விரும்புவதை ஊகித்து எழுதினால் அது உண்மையாகவே பொய். தாராள மனத்தோடு வைக்கப்படும் இந்தப் பயிற்சி எந்தக் கறாரான தேர்வுக் கேள்வியையும்விட அதிகமாக மனத்துக்குள் கை விடுகிறது. எழுதிக் கொடுத்ததற்கு மட்டும் மதிப்பெண் தந்துவிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே நேர்மை.

சொல்லைப் பொறுத்தவரை ‘கோட்பாட்டின்படி’ என்று அடைமொழி போட்டுத் தப்பலாம். செயலுக்கு அடைமொழி கிடையாது. ஆய்வகத்தில் தவளையை மெழுகுத் தட்டில் குண்டூசியால் குத்தி விரித்து அறுக்கச் சொன்னால், சமண மாணவரோ உயிர்க்கொலையை மறுக்கும் வேறெவரோ ‘பாடத்திட்டத்தின்படி அறுக்கிறேன்’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வதால் தவளை பிழைப்பதில்லை. விடைத்தாளைக் காப்பாற்றிய வாதம் ஆய்வக மேசையில் நிற்காது. இங்கே மாணவருக்கு விலக்கு வேண்டும், இல்லையென்றால் மாற்றுப் பணி வேண்டும்.

கலிபோர்னியாவில் பள்ளி மாணவர்களுக்காக 1988இல் வந்த சட்டம் இதைக் கவனமாகக் கையாண்டது. ஒழுக்க அடிப்படையில் மறுக்கும் மாணவருக்கு ஆசிரியர் மாற்றுப் பணி தரலாம். அதற்கு ஒப்பான நேரமும் உழைப்பும் தேவைப்பட வேண்டும். தண்டனையாக அதைக் கடினமாக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியைச் சேர்த்தவர்கள் ஆசிரியர்களை நன்றாக அறிந்தவர்கள் என்று தோன்றுகிறது.

இந்தியா வேறு வழியில் போயிற்று. விலங்கியல் செய்முறைத் தேர்வில் டிசெக்‌ஷனுக்கு இவ்வளவு, ஸ்பாட்டருக்கு இவ்வளவு, ரெக்கார்டு நோட்டுக்கும் வைவாவுக்கும் இவ்வளவு என்று பங்கு பிரித்திருந்த காலத்தில், கரப்பானின் நரம்பு மண்டலம் அறுந்துபோகாமல் எடுத்துக் காட்டுவதே பல மாணவர்களின் பெரிய கவலையாக இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் விலங்குகளை அறுப்பதைப் படிப்படியாகக் கைவிட வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, 2014இல் அதை இன்னும் கடுமையாக்கியது. விலங்கு வதையும் பல்லுயிர் இழப்பும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். மாற்று வழிகளை உருவாக்கிப் பரப்பியதில் திருச்சிக்கு ஒரு பங்கு உண்டு: பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் 2009இல் தொடங்கிய மகாத்மா காந்தி - டோரன்காம்ப் மையம், பேராசிரியர் எம்.ஏ. அக்பர்ஷாவின் தலைமையில், கணினிப் பாவனைகளைக் கொண்டு உடற்கூறு கற்பிக்கும் முறையை ஆசிரியர்களிடம் கொண்டுசென்றது. மனசாட்சிக்குச் சலுகை தருவதா வேண்டாமா என்ற கேள்விக்கு இந்தியக் கல்லூரிகள் விடை சொல்லவில்லை. அறுப்பதையே எல்லோருக்கும் எடுத்துவிட்டதால் கேள்வி பெரும்பாலும் காணாமல் போயிற்று.

ஆனாலும் டிசெக்‌ஷனுக்கு ஒதுக்கிய அந்த மதிப்பெண் எதை அளந்துகொண்டிருந்தது என்பது மிஞ்சுகிறது. உறுப்புகளின் இருப்பிடத்தையும் தொடர்பையும் அளந்தது என்றால் அதைத் திரையிலும் மாதிரியிலும் அளக்கலாம், எதுவும் குறையாது. கத்தி பிடிக்கும் கையின் பக்குவத்தை அளந்தது என்றால் திரை அதற்கு ஈடாகாது. முதலாண்டு உயிரியலுக்குப் பெரும்பாலும் முதலாவது போதும், ஏனெனில் அந்த வகுப்பின் மதிப்பெண் எந்தத் தொழிலுக்கும் உரிமம் தருவதில்லை. கால்நடை மருத்துவத்திலும் அறுவை மருத்துவத்திலும் சான்றளிக்கப்படுவதே கையின் பக்குவம். அங்கே விலக்கு கேட்கிற மாணவர், உயிர்க்கொலை இல்லாமல் அந்தப் பக்குவத்தைப் பெறும் வழியைக் கேட்கலாம்: இயற்கையாக இறந்த விலங்கின் உடல், சிகிச்சைக்கென்றே நடக்கும் அறுவையில் மேற்பார்வையோடு உதவுதல் போன்றவை. பக்குவமே இல்லாமல் பட்டம் கேட்க முடியாது.